இரண்டு ஃபிரேம் முன்னால்

டீ டம்ளரை அன்பரசி இன்னும் மேஜைமேல் வைக்கவில்லை. கை பாதி வழியில்தான் இருந்தது. அதற்குள் ஹெட்போனில் டம்ளர் பலகையில் உட்காரும் சத்தம் வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் டம்ளர் போய் உட்கார்ந்தது.

கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை அந்த இடைவெளி. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் அன்பரசிக்குப் பத்து வருஷமாக இதுதான் பிழைப்பு. படத்தில் கதாநாயகன் மாடிப்படி ஏறினால் கேட்கும் காலடி அவனுடையது என்றா நினைத்தீர்கள்? சாலிகிராமத்தில் ஒரு குளிரூட்டிய அறையில், ஆம்பளைச் செருப்பைப் போட்டுக்கொண்டு, திரையைப் பார்த்தபடி பலகைமேல் மிதித்துக்கொண்டிருந்தவள் அன்பரசி. புடவை சரசரப்பு, சாவிக்கொத்து, எலும்பு முறிவு எல்லாம் அவள் கைவண்ணம். வினாடிக்கு இருபத்துநாலு ஃபிரேம்; சத்தம் ஒரு ஃபிரேம் தள்ளிப்போனால்கூட அவளுக்குப் பல்லில் மணல் கடிபட்ட மாதிரி இருக்கும்.

அந்த வேலைகள் குறைந்துபோனதும் சதுரங்கப்பட்டினத்துக்கே வந்துவிட்டாள். புருஷன் ஜெபக்குமாருக்குக் கல்பாக்கத்தில் காண்டிராக்டில் எலக்ட்ரீஷியன் வேலை. டச்சுக் கோட்டைக்குப் பின்னால் இருக்கும் தெருவில் வாடகை வீடு. பெண்டாட்டி வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டும் என்று, லீவு நாளெல்லாம் உட்கார்ந்து, பின்கட்டு அறையை அவனே சத்தம் புகாத அறையாக மாற்றிக் கொடுத்தான். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தான். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. கதவுதான் விசேஷம். மூடிப்போன ஓர் இறால் குடோனின் குளிர் அறைக் கதவு அது. அரை அடி கனம், சுற்றிலும் ரப்பர், விட்டால் தானாக மூடிக்கொள்ளும். ஹாலில் இடம் போதவில்லை என்று உள்பக்கமாகத் திறக்கும்படி மாட்டியிருந்தான். மூடிவிட்டால் கடல் சத்தமே செத்துப்போகும். ஆறடிக்கு எட்டடி. அவள் கிண்டலாக அதைக் கல்லறை என்பாள், அவன் கோபித்துக்கொள்வான்.

ஐந்து மாதமாக அந்த அறையில் அவள் ஒரு மெஷினுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாத வீடியோவை அதற்குக் காட்டினால், படத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்து அதுவே சத்தம் போட வேண்டும். பேச்சு வராது, சத்தம் மட்டும். சென்னையில் அந்தக் கம்பெனியின் எஞ்சினியர் ஹரிகிருஷ்ணன் அதற்குக் கிளி என்று பேர் வைத்திருந்தான். சொல்லிக்கொடுத்ததைத்தானே திருப்பிச் சொல்லும், அதனால் கிளி. அன்பரசி நடந்தது, விழுந்தது, துணி உதறியது, கதவு சாத்தியது என்று நாலாயிரம் துண்டு வீடியோக்கள் அவள் எடுத்த சத்தத்தோடு கிளிக்குத் தீனியாகப் போயிருந்தன. இப்போது அறை மூலையில் ஒரு கேமரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் படம் ஊமையாக, அதே அறைக் கம்ப்யூட்டரில் இருக்கும் கிளிக்குப் போகும், கிளி யோசித்துப் போடும் சத்தம் அவள் ஹெட்போனுக்கு வரும். கேமரா எதைப் பார்க்கிறதோ அதற்குத்தான் சத்தம்.

அறையை விட்டு வெளியே வந்து ஹரிக்குப் போன் போட்டாள். போன் எப்போதும் ஹாலில்தான் இருக்கும்; உள்ளே கொண்டுபோனால் ஒலிப்பதிவில் அதன் இரைச்சல் விழுந்துவிடும் என்று பழைய நாள் தொட்டு ஒரு கட்டுப்பாடு.

"ஹரி, ஒங்க கிளி ஜோசியம் பாக்குது. நான் வைக்கறதுக்கு முன்னாடியே டம்ளர் சத்தம் வருது."

அவன் சிரித்தான். அப்புறம் இருவருமாகத் தோண்டிப் பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது. கேமராவில் படம் இரண்டு ஃபிரேம் தாமதமாக வரும். அதைச் சரிக்கட்ட, சத்தத்தை இரண்டு ஃபிரேம் பின்னால் தள்ள வேண்டும். அன்பரசி முன்னால் தள்ளியிருந்தாள். ஒரு பட்டனை அழுத்தி, நாலாயிரத்தையும் ஒரே தள்ளாக. சத்தம் முதலில், சங்கதி அப்புறம் என்று கிளி கற்றுக்கொண்டுவிட்டது. பத்து வருஷ அனுபவம் உள்ளவள் செய்கிற தப்பா இது? அன்பரசிக்கு வெட்கமாகப் போனது.

ஹரி பெரிதுபடுத்தவில்லை. எத்தனை ஃபிரேம் முந்துகிறது என்று சரியாக அளந்து சொன்னால் திருத்திவிடலாம் என்றான். அதிகபட்சம் நாலு ஃபிரேம், அதற்குமேல் போக வழியே இல்லை என்றும் சொன்னான்.

சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்கு உள்ளே போனாள். மே மாத வெயில் தெருவை வறுத்துக்கொண்டிருந்தது. கதவு பின்னால் ரப்பர் உறிஞ்சலோடு மூடிக்கொண்டது, காதுக்குள் பஞ்சு அடைத்த மாதிரி அமைதி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கை தட்டினாள்.

நாலு ஃபிரேம் இல்லை. ஒரு வினாடி. முதலில் தட்டும் சத்தம், அப்புறம் அவள் கை.

திரும்பத் தட்டினாள். இரண்டு வினாடி. நோட்டில் குறித்துக்கொண்டாள். எங்கேயோ தப்பு நடக்கிறது, எழுதி வைத்துக்கொண்டால் ஹரி பார்த்துக்கொள்வான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். பேனாவைக் கீழே வைக்கும்போது ஹெட்போனில் ஓர் அறை விழுந்தது. சதையில் உள்ளங்கை படும் சத்தம். பளீர் என்று, ஈரமாக.

அன்பரசி நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். இப்போது அவள் கை தட்டப்போவதில்லை. நினைக்கவே இல்லை. இரண்டு கையையும் தொடைக்கடியில் திணித்துக்கொண்டாள். பார்ப்போம், கிளி எப்படிப் பொய் சொல்கிறது என்று பார்ப்போம். மூன்று வினாடி போயிற்று. ஐந்து போயிற்று. வெற்றிச் சிரிப்பு உதட்டுக்கு வந்தது. அப்போது கழுத்தில் சுருக்கென்று கொசு கடித்தது, கை தானாக எழுந்து பளீரென்று அறைந்தது.

உள்ளங்கையில் ஒரு சொட்டு ரத்தம். அவள் ரத்தம்தான். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி ஒரு நிமிஷம்கூட இங்கே இருக்கக் கூடாது, வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு ஹரிக்குப் போன் போட வேண்டும் என்று எழுந்தாள். ஹெட்போனைக் கழற்றும்போது அதில் இன்னொரு சத்தம் கேட்டது. இரும்பு ஒடியும் சத்தம். சின்னதாக, வறட்சியாக.

அவள் நின்றாள். அறையில் ஒடிவதற்கு என்ன இருக்கிறது? மைக் மாட்டும் இரும்பு ஸ்டாண்டு ஒன்று, நாற்காலி ஒன்று, மேஜை. எதையும் தொடாமல், உடம்பைச் சுருக்கிக்கொண்டு கதவுக்குப் போனாள். கைப்பிடியை மெதுவாக, குழந்தையின் விரலைப் பிடிப்பதுபோலப் பிடித்துத் திருப்பினாள்.

கைப்பிடி ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

உப்புக்காற்று உள்ளுக்குள்ளேயே தின்றிருந்தது. ஒடிந்த இடத்தில் துரு மாவாக உதிர்ந்தது. கதவில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் மிச்சம். அதில் விரல் போகாது. பேனாவை விட்டுத் திருகினாள், பேனா உடைந்தது. நகத்தை ரப்பருக்குள் கொடுத்து இழுத்தாள், நகம் பிய்ந்தது. உள்ளே இழுத்துத் திறக்க வேண்டிய கதவு. இழுக்க ஒன்றுமில்லை.

பதற்றப்படாதே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். அந்த அறையில் அவள் குரலே அவளுக்கு ஒட்டவில்லை. வெளியே கைப்பிடி நன்றாகத்தான் இருக்கிறது. ஜெபக்குமார் ஐந்தரைக்கு வந்துவிடுவான். தள்ளினால் திறந்துகொள்ளும். மூன்றரை மணி நேரம்தானே. கம்ப்யூட்டரில் யாருக்காவது எழுதலாமென்றால், படக்காட்சிகள் கசிந்துவிடக் கூடாது என்று அதற்கு இன்டர்நெட்டே கொடுத்திருக்கவில்லை. போன் ஹாலில். எல்லாம் அவள் வகுத்த கட்டுப்பாடு, அவள் போட்ட கையெழுத்து.

இரண்டே முக்காலுக்குக் கரண்ட் போயிற்று. ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரும் ஒரு பல்பும் மட்டும் ஓடும். கொஞ்ச நேரத்தில் பஞ்சுச் சுவர்கள் பகலெல்லாம் குடித்த சூட்டைக் கக்கத் தொடங்கின. கோந்து வாசனை, தூசி வாசனை, அவளுடைய வியர்வை வாசனை. தண்ணீர் இல்லை. டம்ளரில் அடியில் காலையில் மிஞ்சிய டீ ஒரு மடக்கு இருந்தது, மேலே படிந்த ஆடையோடு குடித்தாள்.

ஹெட்போன் மேஜைமேல் கிடந்தது. அதை மாட்டக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். கால்மணி நேரம் அந்த முடிவோடு இருந்தாள். ஆனால் யோசித்துப் பாருங்கள், அடைபட்டவளுக்கு ஒரே ஒரு கேள்விதான். கதவு திறக்குமா? அதற்குப் பதில் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. மாட்டிக்கொண்டாள்.

முதலில் அவள் மூச்சு கேட்டது. அவள் விடும் மூச்சு இல்லை, இனிமேல் விடப்போகும் மூச்சு. அது வேகமாக இருந்தது. அப்புறம் அடி. கை முஷ்டியால் கதவில் அடிக்கும் சத்தம். எண்ணினாள், பதினொன்று. அப்புறம் அழுகை.

கதவை அடிக்கவே கூடாது என்று நினைத்தாள். அடித்தால் யாருக்குக் கேட்கப்போகிறது, வீண்தானே. எட்டு நிமிஷம் கழித்துப் பாதத்தடியில் தரை லேசாக அதிர்ந்தது. தெருக் கேட்டைத் தள்ளிக்கொண்டு யாரோ வருகிறார்கள். பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவாக இருக்கும், இந்நேரத்துக்குத் தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல வருவாள். அன்பரசி எப்படி எழுந்தாள், எப்படிக் கதவுக்குப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. பத்தாவது அடியில்தான் உறைத்தது. நிறுத்தப் பார்த்தாள். கை பதினொன்றாவதை அடித்துவிட்டுத்தான் நின்றது.

கேட்டைச் சாத்தும் அதிர்வு தரையில் வந்தது. சந்திரம்மா போய்விட்டாள். அன்பரசி அழுதாள்.

இதற்குப் பிறகு ஹெட்போனைக் கழற்றவில்லை. அதில் நீண்ட அமைதி. துணி உரசல், தொண்டை கனைப்பு, மறுபடி அமைதி. மணி மூன்றரையைத் தாண்டியிருந்தது. சூட்டில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது கேட்டது. ரப்பர் பிரியும் சத்தம்.

கதவு!

அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. கதவு திறக்கப்போகிறது. யார் என்றும் தெரிந்தது. ரப்பர் செருப்பு, இடது கால் கொஞ்சம் இழுபடும். சாரத்திலிருந்து விழுந்த நாள் முதல் அவனுக்கு அப்படித்தான். போன் எடுக்கவில்லையே என்று பாதி ஷிப்டில் கிளம்பி வந்திருக்கிறான், என் ராசா. வரட்டும், அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டு இந்த வேலையே வேண்டாமென்று சொல்லிவிட வேண்டும்.

அடுத்த சத்தம் இரும்பு தரையில் கிறீச்சிடுவது. அப்புறம் ஓர் உடம்பு விழுவது.

அன்பரசியின் சிரிப்பு நின்றது. விழுகிற சத்தத்தை நூறு விதமாக எடுத்தவள் அவள். ஐம்பது கிலோ விழுவது வேறு, எண்பது கிலோ விழுவது வேறு. இது எண்பது. விழுந்ததோடு சேர்ந்து இன்னொரு சத்தமும் இருந்தது. மூன்று சண்டைப் படங்களுக்கு அவள் தர்பூசணியை உடைத்து எடுத்துக் கொடுத்த சத்தம். மண்டை உடைவதற்குக் கிளிக்கு அவள் கற்றுக்கொடுத்தது அந்த ஒன்றுதான்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு மூச்சு. பெண் மூச்சு. அவளுடையது.

ஹெட்போனைக் கழற்றி வீசினாள். கம்பியோடு அது தரையில் போய் விழுந்தது. வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று நாக்கு சொல்லிக்கொண்டே இருந்தது. அவனுக்கா? இங்கேயா? இந்தக் கதவு திறந்தால்தானே அவன் உள்ளே வருவான். உள்ளே வந்தால்தானே விழுவான். திறக்கவில்லையென்றால்?

அவ்வளவுதான், புத்தி அதிலேயே நின்றுவிட்டது. இத்தனை நேரம் திறக்காதா திறக்காதா என்று தவித்த கதவை இப்போது திறக்கவிடாமல் செய்ய வேண்டும். மேஜையை இழுத்துப் பார்த்தாள், சுவரோடு அடித்து வைத்தது, அசையவில்லை. மைக் ஸ்டாண்டு கண்ணில் பட்டது. கனமான வட்ட இரும்பு அடி, அதில் ஏறும் இரும்புத் தண்டு. அதைச் சாய்த்துத் தலைப்பக்கத்தைக் கதவில் முட்டுக்கொடுத்தாள். இரும்பு அடியைத் தரையில் பதித்து, இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதுகு மேஜைக்காலில். இனி யானை தள்ளினாலும் திறக்காது.

வியர்வை கண்ணில் எரிந்தது. துடைக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தரை அதிர்ந்தது. ஓர் அடி அழுத்தி, ஓர் அடி இழுத்து.

வெளிக் கைப்பிடி திரும்பியது. ரப்பர் பிரிந்தது. ஒரு விரல் அளவுக்குக் கதவு விலகி ஸ்டாண்டில் இடித்து நின்றது. அந்த இடுக்கு வழியாகக் கடல் சத்தமும் காற்றும் அவன் குரலும் ஒன்றாக உள்ளே வந்தன.

"அன்பு? இன்னா பண்ற உள்ள? கதவு இன்னாத்துக்கு இறுக்கிகினு கீது?"

"மாமா, தொறக்காத. அப்டியே போய்டு. ஒன் கால்ல வுழறேன், வூட்டுல நிக்காத மாமா."

அவள் குரல் கிறுக்குப் பிடித்தவள் குரலாக இருந்தது. கேட்டவன் போவானா? பெண்டாட்டி உள்ளே அடைபட்டுக் கத்துகிறாள், உள்ளிருந்து அடுப்பு மாதிரிச் சூடு முகத்தில் அடிக்கிறது. எந்தப் புருஷன் போவான்?

"யாராச்சும் உள்ள கீறாங்களா?" என்றான். குரல் மாறியிருந்தது. "நீ தள்ளி நில்லு. இதோ வரேன்."

"யாரும் இல்ல மாமா, நாந்தான், நான்..."

அவன் பின்வாங்குவது தரையில் தெரிந்தது. ஓர் அடி. இரண்டு அடி. அன்பரசி இரும்பை உயிரைக் கொடுத்து மிதித்தாள். அவன் ஓடி வந்து தோளால் மோதினான்.

ஸ்டாண்டு கிறீச்சிட்டுச் சறுக்கியது. கதவு சடாரென்று விலகியது. வந்த வேகத்தில் அவன் தண்டில் தடுக்கித் தலைகுப்புற உள்ளே விழுந்தான். அவள் காலடியில் அந்த வட்ட இரும்பின் விளிம்பு இருந்தது.

அந்தச் சத்தம்.

தர்பூசணி அதற்குப் பக்கத்தில்கூட வராது.

"மாமா."

அவன் அசையவில்லை.

"மாமா, எந்திரி. மாமா."

கதவு அகலத் திறந்திருந்தது. ஹால் தெரிந்தது, வெயில் தெரிந்தது, டிவி மேஜைமேல் அவள் போன் தெரிந்தது. இரண்டு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். அன்பரசிக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. அவனைப் புரட்டினாள். அக்குளில் கையைக் கொடுத்துத் தன்பக்கம் இழுத்தாள், தலையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அவன் கால்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தன. இழுத்த இழுப்பில் ஒரு செருப்பு கழன்றது.

கதவு தன் பாட்டுக்கு, அவசரமில்லாமல், மூடிக்கொண்டது.

ரப்பர் உறிஞ்சியது. கடல் செத்தது.

அவள் கதவைப் பார்த்தாள். கைப்பிடி இல்லாத கதவு. கத்தவில்லை. கத்துவதற்கு யார் இருக்கிறார்கள்? அவன் மூக்கடியில் விரலை வைத்தாள். காத்திருந்தாள். கழுத்தில் வைத்தாள். காத்திருந்தாள். நெஞ்சில் காதை வைத்தாள். தெருவில் யார் வீட்டுக் கோழி கூவினாலும் காது கொடுக்கிறவள், அந்த நெஞ்சில் ஒரு துடிப்புக்காகத் தன் மூச்சையே நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஒன்றுமில்லை. ஐந்து நிமிஷம் கேட்டாள். பத்து நிமிஷம் கேட்டாள். ஒன்றுமே இல்லை. மடி நனைந்துகொண்டே இருந்தது. அவன் கன்னம் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, அது அறையின் சூடு.

திரையில் கேமராப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், ஒருவன் படுத்திருந்தான். இரண்டும் ஆடவில்லை.

தரையில் கிடந்த ஹெட்போனிலிருந்து ஏதோ வந்தது.

மெல்லிசாக. எறும்பு ஊர்வதுபோல. அவள் கேட்கக் கூடாது என்று நினைத்தாள். நினைத்தால் கேட்காமல் இருக்குமா அந்தக் காதுக்கு?

துணி தரையில் உரசியது. உள்ளங்கை சிமெண்டில் பதிந்தது. அழுந்தியது. முழங்கால் மடங்கியது. ஒரு கால் செருப்போடு, ஒரு கால் வெறுங்காலாக, தரையைத் தேடி ஊன்றின. அவள் அதை எத்தனை முறை எடுத்திருக்கிறாள். ஆண், கனத்த உடம்பு, தரையிலிருந்து எழுந்து நிற்பது. எழும்போது யாராக இருந்தாலும் ஒரு மூச்சு இழுப்பார்கள். அதையும் சேர்த்துத்தான் அவள் கிளிக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

இதில் மூச்சு இல்லை.

எழுந்து நின்றுவிட்டது. ஓர் அடி வைத்தது.

இன்னும் எவ்வளவு நேரம்? பத்து நிமிஷமா? ஒன்றா? தெரியாது. மடியில் கனம் அப்படியே இருந்தது. நகர இடமில்லை. முதுகுக்குப் பின்னால் மேஜை, எதிரே கதவு.

அவன் வலது உள்ளங்கை சிமெண்டில் விரிந்து கிடந்தது. அன்பரசி கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.